பிப்ரவரியில் இல்லாத தேதி

மோகனாவுக்கு நினைவு தெரிந்த முதல் காட்சி வெள்ளையாக இருக்கும். சன்னல் முழுக்கப் பனிமூட்டம். கையில் ஒரு எனாமல் குவளை, சரியாகப் பிடிக்க முடியாத சூடு. அதில் பால். பக்கத்தில் யாரோ ஒரு பொம்பிளை, பாட்டு என்றும் சொல்ல முடியாத ஏதோ ஒரு ராகத்தை இழுத்துக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான். அது எந்த வருஷம், எந்த மாசம், ஒன்றும் தெரியாது. முப்பத்து மூன்று வயசாகியும் அந்தக் காட்சி காரணமில்லாமல் வரும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதுகூட வரும். அந்த நேரத்தில் கூப்பிட்டால் அவள் காதில் விழாது. "இது மேகத்துல குடித்தனம் பண்ற ஜென்மம்" என்பாள் அவள் அம்மா மணியம்மா.

மேகத்தில் குடித்தனம் பண்ணுவது அங்கே ஒன்றும் அதிசயமில்லை. லெம்பா உத்தாரா எஸ்டேட்டே பாதி நாள் மேகத்துக்குள்தான் கிடக்கிறது. ஈப்போ நகரத்துக்கு மேலே மலையில், பிரிஞ்சாங் டவுனையும் கியா பார்ம் ஸ்ட்ராபெரிக் கடைகளையும் தாண்டி, தேயிலைக்குள் இறங்குகிற மண்ரோட்டின் முடிவில் இருக்கிறது அது. அங்கே கோடை என்றும் குளிர்காலம் என்றும் ஒன்று கிடையாது. ஜனவரியும் ஜூலையும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதே மலையில் அதே கொழுந்து மறுபடி நிற்கும். இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டால் சுவரில் தொங்குகிற தாள் கிழிக்கும் காலண்டரைத் தவிர வேறு சாட்சி இல்லை.

அதனாலோ என்னவோ, சின்ன வயசிலிருந்தே மோகனாவுக்குக் காலண்டர் மேல் ஒரு பித்து. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில், "டீச்சர், ஜனவரி முப்பத்தொண்ணாந்தேதிக்கு அப்புறம் ஒரு மாசம் கழிச்சு என்ன தேதி?" என்று கேட்டாள். டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தத் தேதி பிப்ரவரியில இல்ல. உக்காரு" என்றார். உட்கார்ந்தாள். ஆனால் மனசு உட்காரவில்லை. இல்லை என்றால் எங்கே போயிற்று? பிப்ரவரிக்கு வராத தேதிகளெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம், பனிக்குள்ளே, சும்மா உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வாள். நாலு வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் இருபத்தொன்பது எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு, இறங்கி வந்து போகும். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அந்த வயசில் வேறு எதை நினைப்பது?

ஈப்போவில் கம்ப்யூட்டர் டிப்ளோமா படித்தபோதுதான் அவள் கேள்விக்கு ஒருவர் பதில் எழுதி வைத்திருப்பதைக் கண்டுபிடித்தாள். ஜாவா மொழியில் தேதிகளுக்கென்றே ஒரு லைப்ரரி உண்டு. புத்தகம் அடுக்கிய லைப்ரரி அல்ல. யாரோ முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் நிரல்கள். எடுத்துப் புழங்கிக்கொள்ள வேண்டியதுதான். அதில் காலத்தை இரண்டு விதமாக அளக்கிறார்கள். ஒன்று மணி, நிமிஷம், நொடி. அது கடிகாரக்காரனின் கணக்கு. இன்னொன்று வருஷம், மாசம், நாள். அதற்குப் பெயர் பீரியட். அதில் ஒரு மாசம் என்றால் முப்பது நாளுமில்லை, முப்பத்தொரு நாளுமில்லை. ஒரு மாசம் என்றால் ஒரு மாசம். அது எந்த மாசத்தின் மேல் உட்காருகிறதோ அந்த மாசத்தின் அளவுக்குத் தன்னை மடக்கிக்கொள்ளும். ஜனவரி முப்பத்தொன்றோடு ஒரு மாசத்தைக் கூட்டிப் பார்த்தாள். பிப்ரவரி இருபத்தெட்டு என்று வந்தது. இடமில்லாத தேதியை அது விரட்டவில்லை. மாசத்தின் கடைசி நாளில் கொஞ்சம் ஒதுங்கி உட்கார வைத்தது. மோகனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்கெல்லாம் அழுவார்களா என்று கேட்காதீர்கள், அவள் அழுதாள்.

படிப்பு முடிந்து ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, கடைசியில் பிறந்த எஸ்டேட் ஆபீசுக்கே ஒப்பந்த வேலைக்கு வந்து சேர்ந்தாள். ஒப்பந்தக்காரிக்கு எஸ்டேட் வீடு கிடையாது. தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் அம்மாவுடையதிலேயே இருந்துகொண்டாள். ஆபீஸ் குமாஸ்தாவை அங்கே கிராணி என்பார்கள்; ஜனங்கள் அவளுக்குக் 'கம்ப்யூட்டர் கிராணி' என்று பட்டம் கட்டிவிட்டார்கள்.

மணியம்மாவுக்கு இந்தப் பிப்ரவரியோடு அறுபது முடிகிறது. மாசக் கடைசி, இருபத்தெட்டாந்தேதி சனிக்கிழமை, அவளுக்குக் கடைசி வேலை நாள். எஸ்டேட்டில் ஒரு விதி உண்டு. முழுசாக முப்பது வருஷம் வேலை செய்தவர்கள் ஆயுசு வரைக்கும் லைன் வீட்டிலேயே இருக்கலாம். முப்பது நிறையாதவர்கள் மூன்று மாசத்தில் காலி செய்ய வேண்டும். முன்பெல்லாம் பழைய புத்தகத்தைப் பார்த்து மனுஷர்களே கணக்குப் போட்டார்கள். புதிய மேனேஜருக்கு அதில் நம்பிக்கையில்லை. "கம்ப்யூட்டர் சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டார். கம்ப்யூட்டர் என்ன வாய் வைத்துக்கொண்டா சொல்லும்? மோகனாதான் சொல்ல வைக்க வேண்டும்.

ஜனவரியில் உட்கார்ந்து எழுதினாள். சேர்ந்த தேதியையும் கடைசி வேலைத் தேதியையும் கொடுத்தால், நடுவில் எத்தனை வருஷம், மாசம், நாள் என்று பீரியட் சொல்லிவிடும். அதில் வருஷத்தை மட்டும் எடுத்துப் பட்டியலில் போட வேண்டியது. பதினாலு வரி. எழுதி முடித்தபோது அது அவ்வளவு அழகாக இருந்தது. இந்த வருஷம் ஓய்வு பெறப்போகிற பதினோரு பேரின் தேதிகளைப் பழைய புத்தகத்திலிருந்து ஆபீஸ் பையன்கள் ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்தார்கள். ஓடவிட்டாள். பிரிண்டர் ஒரு தாளைத் துப்பியது. அதை மேசையில் வைத்துவிட்டு, சன்னலுக்கு வெளியே மேகம் தேயிலை வரிசைகளை ஒவ்வொன்றாக விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாளில் யார் யாருக்கு எத்தனை வருஷம் வந்தது என்று படிக்கவேயில்லை. அம்மாவுக்கு முப்பது வராமலா போகும்? தொண்ணூற்றாறிலிருந்து கூடை தூக்குகிறவள். மறுநாள் காலை அந்தத் தாளைப் பெரட்டுக் களத்தில், விடியலில் ஆள் எண்ணி வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துப் பலகையில், ஒட்டிவிட்டார்கள்.

அதற்கப்புறம் நாலு நாள் மணியம்மா எப்போதும்போலத்தான் இருந்தாள். வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். கொல்லைப்புறத்துச் சௌசௌக் கொடியிலிருந்து காயைப் பறித்துப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொடுத்தாள். மேலே கட்டியிருந்த பெரிய அண்டாவை இறக்கித் தேய்த்துவைத்தாள். பொங்கலே முடிந்துவிட்டதே, இப்போது எதற்கு அண்டா என்று மோகனா கேட்கவில்லை. அவள்தான் மேகத்தில் இருக்கிறாளே.

ஐந்தாம் நாள் சாயங்காலம், தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே மணியம்மா கேட்டாள்.

"ஏம்மா, ஈப்போவுல ரொம்ப வெயிலா?"

"வெயில்தான். ஏன்?"

"இல்ல, எனக்கு அந்தச் சூடு ஆவுமான்னு யோசிச்சேன். இந்த மலையிலேயே, தானா ராத்தா டவுனுல ரூமு கெடைச்சாக்கூடப் போதும். அங்க இருக்கிற திலகத்துக்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன், மே மாசத்துக்குள்ள பாத்துக் குடுன்னு."

"ரூமு யாருக்கு?"

மணியம்மா மகளை நிமிர்ந்து பார்த்தாள். "நமக்குத்தான். பலகையில எம்பேரு இருபத்தொம்போதுன்னுதானே போட்டிருக்கு."

மோகனா தட்டைத் தள்ளிவைத்தாள். "நாலு நாளா ஏம்மா சொல்லல?"

"என்னாத்த சொல்றது? நானும் முப்பதுன்னுதான் நெனச்சிருந்தேன். வெரலு விட்டு எண்ணிப் பாத்தேன், முப்பது வருது. ஆனா கணக்கு எழுதுனது நீயாச்சே. படிச்ச பிள்ள, தப்பா எழுதமாட்டேன்னு நெனச்சேன்."

இதை அவள் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் தேவலை. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி என்பார்கள். இந்தப் பல்லி தன் தாயையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்திருக்கிறது. மோகனா கையைக் கழுவிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். அவமானமாக இருந்தது.

மறுநாள் ஆபீஸ் திறந்ததும் முதல் ஆளாகப் போனாள். அம்மாவின் வரியை முழுசாக எடுத்துப் பார்த்தாள். சேர்ந்த தேதி பிப்ரவரி 29, 1996. கடைசி நாள் பிப்ரவரி 28, 2026. நடுவில்: 29 வருஷம், 11 மாசம், 30 நாள்.

ஒரு நாள். ஒரே ஒரு நாள் குறைகிறது.

சந்தேகம் வந்து இன்னொரு விதமாகக் கேட்டுப் பார்த்தாள். 1996 பிப்ரவரி இருபத்தொன்பதோடு முப்பது வருஷத்தைக் கூட்டு என்றாள். அதே லைப்ரரி, கூசாமல், 2026 பிப்ரவரி 28 என்றது. அதாவது அங்கிருந்து முன்னோக்கி முப்பது வருஷம் நடந்தால் அம்மாவின் கடைசி நாளில் வந்து நிற்கலாம். அந்தக் கடைசி நாளில் நின்று திரும்பிப் பார்த்து அளந்தால் முப்பது நிறையவில்லையாம். ஒரே வாய், இரண்டு பேச்சு. 2026 பிப்ரவரியில் இருபத்தொன்பது கிடையாது. வரவே வராத அந்தத் தேதி வந்தால்தான் முப்பதைத் தருவேன் என்று அது பிடிவாதமாகக் காத்துக்கொண்டிருந்தது.

சேர்ந்த தேதியில் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும். இருபத்தொன்பதை இருபத்தெட்டு ஆக்கினால் வீடு நிற்கும். புத்தகத்தைத் திறந்து பார்க்க எவனுக்கும் நேரமில்லை. அவள் விரல் அந்த எண்ணின் மேல் போனது. போகவில்லை என்று சொன்னால் அது பொய். நல்லவள் என்பதால் நிறுத்தினாள் என்றும் சொல்லமாட்டேன். அது பிப்ரவரி இருபத்தொன்பது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இறங்கி வருகிற தேதி. அதைப் போய்த் தன் கையால் அழிப்பதா என்று இருந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

பிறகுதான் புத்தி வேலை செய்தது. அந்தக் கணக்கு இரண்டு வேலிக்கால்களுக்கு நடுவிலுள்ள இடத்தை அளக்கிறதே தவிர, கால்களை எண்ணுவதில்லை. கடைசி நாளை அது சேர்ப்பதேயில்லை. ஆனால் அம்மா அந்தச் சனிக்கிழமையும் காலையில் எழுந்து கொழுந்து எடுக்கத்தானே போகப்போகிறாள்? அப்படியானால் அளவுகோலை மறுநாள், மார்ச் ஒன்றாந்தேதியில் அல்லவா வைக்க வேண்டும்? லைப்ரரி பொய் சொல்லவில்லை. கேட்கத் தெரியாமல் கேட்டது அவள்தான்.

பெரிய கிராணி குகனேஸ்வரனிடம் போனாள். ஐம்பத்தெட்டு வயசு, இஸ்திரி கலையாத சட்டை, முப்பத்தைந்து வருஷமாக அதே நாற்காலி. அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்கம்மாவுக்கு முப்பது கொறைஞ்சதும்தான் கணக்கு தப்புன்னு தெரியுதா, மோகனா?"

சுருக்கென்று தைத்தது. அது உண்மைதான்.

"ஐயா, நீங்க மாலை போடுவீங்கதானே? கார்த்திகை ஒண்ணாந்தேதி மாலை போட்டா, விரதத்துல அன்னிக்கு எத்தனாவது நாளு?"

"ஒண்ணு. அதுல என்ன சந்தேகம்?"

"நாப்பத்தெட்டாவது நாளு விரதம் உண்டா, இல்லியா?"

"உண்டு லா. அன்னிக்கு மட்டும் கோழி திங்க முடியுமா?"

"நான் எழுதுனது அந்தக் கடைசி நாள விட்டுட்டு எண்ணுது, ஐயா. எல்லாருக்கும் விட்டுட்டு எண்ணுது."

குகனேஸ்வரன் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "அப்ப எல்லாருக்கும் போடு. உங்கம்மாவுக்கு மட்டும் போட்டா நான் கையெழுத்து வைக்கமாட்டேன். பதினோரு பேருக்கும் போடு."

போட்டாள். கடைசி நாளோடு ஒரு நாளைக் கூட்டிவிட்டு எண்ணி, வருஷத்தோடு மிச்ச நாளையும் காட்டச் சொன்னாள். இரண்டு வரிகளில் வருஷம் மாறியது. ஒன்று மணியம்மா. இன்னொன்று இருளப்பன், தேயிலை ஃபேக்டரியில் இலை உலர்த்துகிறவர். சேர்ந்தது மார்ச் 1, 1996. அவருக்கும் இந்தப் பிப்ரவரியோடு சரி. முதல் பட்டியலில் இருபத்தொன்பது. இப்போது சரியாக முப்பது, ஒரு நாள் கூடவுமில்லை, குறையவுமில்லை. வாயில்லாப் பூச்சி. பலகையைப் பார்த்துவிட்டு யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். வீட்டுக்குப் போய், வளர்த்த கோழிகளை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டு மூட்டை கட்ட ஆரம்பித்திருந்தார். அம்மாவின் கணக்கு மட்டும் சரியாக வந்திருந்தால் இந்த மனுஷனை மோகனா பார்த்திருக்கவே மாட்டாள்.

குகனேஸ்வரன் நம்பிக்கைக்காகப் பழைய புத்தகத்தை எடுத்து வரச் சொன்னார். ஓரமெல்லாம் பூச்சி அரித்த பக்கத்தில் இரண்டு பேரும் அடுத்தடுத்து இருந்தார்கள். விரலை வைத்துப் பார்த்தார்.

"இது எங்கையெழுத்து" என்றார். "ரெண்டு பேரும் ஒரே காலையிலதான் வேலை கேட்டு வந்தாங்க. நாளைக்கு ஒண்ணாந்தேதி, புது மாசம், நாளைக்கு வாங்க, பேரு எழுதிக்கலாம்னேன். இருளப்பன் சரின்னு போயிட்டான். உங்கம்மா போகல. பிள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டு அப்படியே நின்னாங்க. இன்னைக்கே எழுதுங்க ஐயான்னு. வேற வழியில்லாம எழுதுனேன்." கையெழுத்தைப் போட்டுத் தாளை அவளிடம் தள்ளினார். "பழைய தாளக் கிழிச்சிட்டு இத நீயே போயி ஒட்டு."

அவளே போய் ஒட்டினாள். மத்தியானத்துக்குள் சேதி லைன் முழுக்கப் பரவிவிட்டது. இருளப்பன் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கோழிகளைத் திருப்பிக் கேட்டார். மூன்று வீட்டில் கொடுத்தார்கள். நாலாவது வீட்டில் சிரித்துக்கொண்டே, "நேத்தே கொழம்பு வெச்சிட்டோமே" என்றார்கள். அவரும் சிரித்தார். மோகனாவுக்குத்தான் சிரிக்க முடியவில்லை. கியா பார்ம் போய் இரண்டு கோழிக்குஞ்சு வாங்கி வந்து அவர் வாசலில் விட்டுவிட்டு, "என் தப்புதாண்ணே, மன்னிச்சிருங்க" என்றாள். "அட போம்மா, மிஷினு தப்பு" என்றார் அவர். மிஷின் தப்பில்லை என்று அவருக்குப் புரியவைக்க அவளால் ஆகவில்லை.

சாயங்காலம் மேகம் லைன் வீடுகளின் கூரைவரை இறங்கியிருந்தது. மணியம்மா அண்டாவைத் திரும்ப மேலே ஏற்றிவிட்டு, அடுப்பில் பால் வைத்திருந்தாள். மோகனா புதுப் பட்டியலின் நகலை அவளிடம் கொடுத்தாள். மணியம்மா அதை விளக்குப் பக்கம் பிடித்துப் படித்தாள்.

"முப்பது. பக்கத்துல என்னமோ ஒண்ணுன்னு போட்டிருக்கு?"

"முப்பது வருஷமும் ஒரு நாளும். இருளப்பண்ணனுக்கு அந்த ஒண்ணு இல்ல. நீ ஒரு நாள் முந்தி சேந்துட்டியே, அதான். ஏம்மா, கிராணிதான் நாளைக்கு வான்னு சொன்னாராமே. ஏன் போகல?"

மணியம்மா தாளை மடித்தாள். அவசரப்படவில்லை.

"ஒங்கப்பா திரிங்காப் ரோட்டுல லோரியோட பள்ளத்துல விழுந்து போயிச் சேந்து நாப்பது நாளு இருக்கும். வீட்டுல இருந்ததெல்லாம் தீந்துபோச்சு. மொதநாளு ராத்திரி ஒனக்கு வெறும் சுடுதண்ணியத்தான் குடுத்தேன். வேலைக்குப் பேரு எழுதுனாத்தான் பிள்ளைய ஆயாக் கொட்டாயில விட முடியும். அங்க விட்டா காலையில எல்லாப் பிள்ளைக்கும் பாலு ஊத்துவாங்க." பால் பொங்கி வந்தது, அடுப்பைத் தணித்தாள். "ஒரு நாளுதானம்மா, நாளைக்கு வாயேன்னு அவரு நல்லாத்தான் சொன்னாரு. பசிக்கிற பிள்ளைக்கு ஒரு நாளு ஒரு நாளா?"

மோகனாவுக்கு அந்தச் சன்னல் வந்தது. வெள்ளையாக, முழுசாக, எப்போதும்போல. முப்பது வருஷமாகத் தேதியில்லாமல் இருந்த அந்தக் காலைக்கு இப்போது தேதி இருந்தது.

"குவளை எனாமலா இருந்துச்சாம்மா? வெள்ளைல நீலக் கரை போட்டு?"

"அதெல்லாம் நான் எங்க பாத்தேன்?" என்றாள் மணியம்மா. "ஒன்ன உள்ள விட்டுட்டு நான் அப்படியே கூடையத் தூக்கிக்கிட்டு மலைக்கு ஓடிட்டேன்." பாலை ஆற்றி மகள் கையில் கொடுத்தாள். "சூடா இருக்கு. பாத்துப் புடி."